கூட்டாளி சேர்த்தால் எல்லா லைசென்ஸும் புதுசா?

முறுக்குக்கார அக்கா:
ஒன்பது வருஷமா வீட்டுப் பின்கட்டில் முறுக்கு, அதிரசம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். எல்லாம் என் பேரில். போன மாசம் என் ஓரகத்தி மூணு லட்சம் போட்டுக் கூட்டாளியா வந்தா. பத்திரம் எழுதின பிறகுதான் தெரிஞ்சது, கூட்டு நிறுவனத்துக்குத் தனி பான். பான் மாறினா ஜிஎஸ்டி புதுசு, உணவுப் பாதுகாப்புப் பதிவு புதுசு, கரண்ட் அக்கவுண்ட் புதுசு. பழைய நம்பர் போட்டு அச்சடிச்ச கவர் மூட்டை மூட்டையா கிடக்கு. அடுப்பு அதே அடுப்பு, எண்ணெய் வாங்குற கடையும் அதே. சேர்ந்து தொழில் செய்யறது என்ன குத்தமா?

பதிவேடு:
அடுப்பு அதேதாங்க, பொறுப்பு அதே இல்ல. கூட்டு நிறுவனச் சட்டம் 1932, 25-வது பிரிவைப் பாருங்க. நிறுவனத்தோட கடனுக்குக் கூட்டாளிகள் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாவும் பொறுப்பு. நாளைக்கு உங்க பலகாரம் தின்னு ஒரு குழந்தைக்கு உடம்பு கெட்டா, யாரைக் கேட்கணும்ங்கிறது ஏட்டில் இருக்க வேண்டாமா?

முறுக்குக்கார அக்கா:
இருக்கட்டும். அவ பேரையும் அதே ஏட்டில் சேர்த்துக்கோங்க, கையெழுத்துப் போடுறோம். நான் செத்துட்டா 90 நாளுக்குள்ள மனு கொடுத்து என் வாரிசு அதே உணவு லைசென்ஸைத் தொடரலாம்னு விதி இருக்கு. உயிரோட ஒருத்தியைச் சேர்த்தா மட்டும் தொடரக்கூடாதா?

பனியன் ஊர்க்காரன்:
அக்கா சொல்றது எனக்கு நல்லாவே புரியுது. நாங்க மூணு பேர் தையல் யூனிட் போட்டோம். பத்திரம் இருந்துச்சு, நிறுவனத்தைப் பதிவாளர்கிட்ட பதிவு பண்ணல. பதிவு கட்டாயமில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க, சட்டமும் அப்படித்தான் சொல்லுது. ஒரு பார்ட்டி ஜாப்வொர்க் பணம் நாலு லட்சத்தை நிறுத்திட்டான். வக்கீல்கிட்ட போனா அதே 1932 சட்டத்தோட 69-வது பிரிவைக் காட்டினார். பதியாத நிறுவனம் ஒப்பந்தப் பணம் கேட்டு வெளியாள் மேல வழக்குப் போட முடியாது. அவன் எங்க மேல போடலாம்! 100 ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்கு மட்டும் விலக்கு. 1932-ல எழுதின அதே 100 ரூபாய்.

பதிவேடு:
தம்பி, வழி இருக்கு. இப்ப பதிவு பண்ணிட்டு, மூணு வருஷக் காலவரம்பு முடியறதுக்குள்ள வழக்குப் போடுங்க. வழக்கைப் போட்டுட்டு அப்புறம் பதிஞ்சாதான் அது நிக்காது. சட்டம் எல்லை தாண்டினா கோர்ட்டே தட்டியிருக்கு. மகாராஷ்டிராவில் 1984 திருத்தம், பதியாத நிறுவனத்தைக் கலைச்சுப் பங்கு கேட்கிற வழக்கையே தடுத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது.

பனியன் ஊர்க்காரன்:
எதுக்காக ரத்து செஞ்சாங்கன்னும் சொல்லுங்க. அரசியல் சாசனத்தோட 19(1)(ஜி) தர்ற தொழில் உரிமைக்கும், 300ஏ தர்ற சொத்துரிமைக்கும் விரோதம்னுதானே? பங்கைக் கேட்கும் வழியை அடைக்கறது தப்புன்னா, நாங்க தைச்சுக் கொடுத்த கூலியைக் கேட்கும் வழியை அடைக்கறது எப்படிச் சரி? கட்டாயமில்லைன்னு சொன்னா மனசார சொல்லணும். கட்டாயம்னா பத்திரம் எழுதற அன்னைக்கே சொல்லணும்.

ஆடிட்டர் ஆபீஸ்:
எல்எல்பி, அதாவது கூட்டாளிகளோட கடன் பொறுப்புக்கு வரம்பு இருக்கிற கூட்டு நிறுவனம், ஆரம்பிச்சா ஆள் மாறினாலும் பான் மாறாது. 2008 சட்டப்படி அது கூட்டாளிகள்ல இருந்து தனியான அமைப்பு.

முறுக்குக்கார அக்கா:
வியாபாரம் நடந்தாலும் நடக்காட்டியும் எல்எல்பிக்கு வருஷா வருஷம் பாரம் 8 கணக்கு, பாரம் 11 ஆண்டறிக்கை போடணுமே தம்பி. அதுக்கு ஒரு ஆள் வைக்கிற அளவு முறுக்கு விக்கல. நான் கேட்கிறது ஒண்ணுதான். சமையலறை சுத்தம், தண்ணி, தீ இதெல்லாம் இடத்தைப் பார்த்துக் கொடுக்கிற அனுமதி. இடம் மாறலைன்னா அது தொடரட்டும். வரியும் கடன் பொறுப்பும் ஆளைப் பொறுத்தது, அதை மாத்துங்க, நான் தடுக்கல.

பதிவேடு:
அந்தப் பிரிவினை நியாயமானதுதான், ஒத்துக்கறேன். ஆனா 69-ஐ எடுக்கணும்ங்கிறதுக்கு நான் வரமாட்டேன். ஏட்டில் இல்லாத கூட்டாளி கடன் வந்ததும் "நான் கூட்டாளியே இல்ல"ன்னு கை விரிச்சதை நிறைய பார்த்திருக்கேன். இன்னொண்ணு அக்கா, நீங்க ரெண்டே பேர். ரெண்டு பேர்ல ஒருத்தர் இறந்துட்டா, தொடரும்னு பத்திரத்தில் எழுதியிருந்தாலும் நிறுவனம் முடிஞ்சது. 1965-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. மூணாவதா ஒருத்தரைச் சேருங்க.

முறுக்குக்கார அக்கா:
என் பொண்ணுக்கு ஆவணியில் 18 முடியுது. அவளைச் சேர்த்தா மறுபடி பான் மாறுமா?

பதிவேடு:
மாறாது. நிறுவனம் அதேதான். திருத்தப் பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளர்கிட்ட கொடுங்க, ஜிஎஸ்டியில் கூட்டாளி பேரைத் திருத்துங்க. கவர் நம்பர் அப்படியே இருக்கும்.