கவிழ்ந்த முக்கோணம்

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை:

அட்டையில் வெட்டிய முக்கோணத்தைக் காட்டினால் வகுப்பே ஒரே குரலில் பெயர் சொல்லும். ஒருநாள் அதையே தலைகீழாகப் பிடித்தேன். முக்கோணம் கவிழ்ந்துவிட்டதாம்! சதுரத்தை முனையில் நிறுத்தினேன். அது பட்டம் என்றார்கள். தவறு என்னுடையது. இரண்டு மாதமாகச் சுவர்ப் படத்தைக் காட்டியே ஒப்பேற்றியிருந்தேன். படத்தில் முக்கோணம் எப்போதும் அடியை ஊன்றித்தானே நிற்கிறது.

வடிவங்களைப் பிள்ளைகளே கையால் செய்து பார்க்கட்டும் என்று, மறுவாரம் சைக்கிள் கடைகளில் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயான வால்வு டியூப் தேடினேன். மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இருபுறமும் செருகினால் மூட்டு தயார். என் யோசனை அல்ல. எளிய பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா, கிராமப் பள்ளிகளுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே பரப்பியது.

மூன்று குச்சியில் செய்த முக்கோணம் எப்படி அமுக்கினாலும் அசையவில்லை. நான்கு குச்சிச் சதுரமோ ஓரத்தைத் தொட்டதும் சாய்ந்துவிட்டது. ஒரு பையன் அதைப் படுக்கவைப்பதும் நிமிர்த்துவதுமாகவே அந்தப் பீரியடைக் கழித்தான். பிறகு மூலைக்கு மூலை இன்னொரு தீக்குச்சியை வைத்துப் பார்த்தான். எட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதுதான் கடினம். கடைசியில் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவி, அளந்து ஒடித்தான். டியூபில் ஊசியால் ஓட்டை போட்டுக் கொடுத்தது மட்டுமே என் வேலை. சதுரம் ஆடவில்லை. உள்ளே இரண்டு முக்கோணம் இருப்பதாக அவனே எண்ணிச் சொன்னான். அவற்றில் ஒன்று கவிழ்ந்துதான் கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அங்கன்வாடிப் பணியாளர்:

எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வயது. தீக்குச்சியெல்லாம் கொடுக்க முடியாது. கோலிக்குண்டும் வேண்டாம், நேரே வாய்க்குப் போகும். முறத்தைச் சாய்த்து வைத்து ரப்பர் பந்து, பால்பவுடர் டப்பா, காலித் தீப்பெட்டி ஆகிய மூன்றையும் விடச் சொல்வேன். பந்து ஓடும், தீப்பெட்டி சறுக்கும். டப்பாவில்தான் சண்டை வரும். ஓடும் என்கிறது ஒன்று, ஓடாது என்கிறது மற்றொன்று. படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை விட்ட பிறகுதான் இருவருக்கும் சமாதானம். 1837இல் ஜெர்மனியில் மழலையர் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெலும் பந்து, உருளை, கனசதுரம் என இப்படித்தான் மரத்தில் செய்து கொடுத்திருக்கிறார். எனக்குப் பால்பவுடர் டப்பா போதும்.

தச்சர், இரண்டு பேரப்பிள்ளைகளின் தாத்தா:

டீச்சரம்மா, கதவுச் சட்டம் தொய்யாமலிருக்க மூலைக்கு மூலை நாங்கள் அடிக்கும் கட்டையும் அந்த ஈர்க்குச்சியும் ஒன்றுதான். பையனை ஒருநாள் பட்டறைக்கு அழைத்துவாருங்கள். ஆணி அடிக்கும்போது மட்டும் சற்றுத் தள்ளி உட்காரட்டும்.