கென்யா பயணம்: 68 வயதில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

திருச்சிப் பயணி (கேள்வி)

வணக்கம். நைரோபியில் வசிக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குவதால், நானும் என் மனைவியும் இன்னும் ஆறு வாரங்களில் புறப்பட்டு, இரண்டு மாதங்கள் அங்கே தங்க இருக்கிறோம். எனக்கு வயது 68. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மனைவிக்கு 64, முடக்குவாதத்துக்காக வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் போகக் கூடாது என்று பயண முகவர் சொல்கிறார். அறுபதைக் கடந்தவர்கள் அந்த ஊசியைத் தவிர்ப்பது நல்லது என்று எங்கள் மருத்துவர் சொல்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவோ, கீழாநெல்லி சாப்பிட்டால் போதும் என்கிறார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது?

நெல்லைக்காரர்

ஐயா, கீழாநெல்லி நம் ஊரில் மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது. மஞ்சள் காய்ச்சல் என்பது ஏடிஸ் கொசுவால் பரவும் வேறொரு வைரஸ் நோய். பெயரில் மஞ்சள் இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. காமாலைக்காக முன்பு நீங்கள் போட்டுக்கொண்ட ஹெபடைடிஸ் தடுப்பூசியும் இதற்குக் கணக்காகாது.

ஓய்வுபெற்ற செவிலியர்

முகவரும் மருத்துவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் முரண்படுவது போலத் தோன்றுகிறது. உடம்புக்கு ஊசி தேவையா என்பது ஒன்று, சட்டத்துக்குச் சான்று தேவையா என்பது மற்றொன்று.

முதலில் சட்டம். இந்தியாவில் இந்த நோய் இல்லை என்பதால், இங்கிருந்து நேராகச் செல்பவர்களிடம் கென்யா சான்று கேட்பதில்லை. கேட்பது திரும்பி வரும்போது நம் விமான நிலையம்தான். ஏடிஸ் கொசு இங்கே ஏராளம், மக்களுக்கோ எதிர்ப்பாற்றல் இல்லை. ஒருவர் கிருமியோடு வந்து இறங்கினாலும் ஆபத்து என்பதால், கென்யா போன்ற நாடுகளிலிருந்து சான்றில்லாமல் வருபவரை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்று செல்லுபடியாகும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுவதற்குமானது.

இனி உடம்பு. இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி. ஊசி வைரஸே கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைத் தாக்கும் விளைவு எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 3 இலட்சம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் நேர்கிறது. ஆனால் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர் அறுபதைக் கடந்திருந்தால் அந்த அபாயம் பன்மடங்காகிறது. நைரோபி நகருக்குள் மட்டும் இருப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். உங்களைப் பொறுத்தவரை இது தடை அல்ல, யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. போட்டுக்கொள்வதாக இருந்தால் இந்த வாரமே போட்டுக்கொண்டு, காய்ச்சலோ உடல்வலியோ வந்தாலும் உங்கள் மருத்துவருக்கு அருகிலேயே வரட்டும் என்று ஒரு மாதம் ஊரில் இருங்கள். தைமஸ் சுரப்பியில் நோய் இருந்தாலோ, முட்டை ஒவ்வாமை இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் நிலை வேறு. மெத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் அவருக்கு இந்த ஊசி பொதுவாகப் போடப்படுவதில்லை. ஊசிக்காக அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. மூட்டு மருத்துவரிடம் காரணத்தைக் குறிப்பிட்டு, கையெழுத்தும் முத்திரையும் உள்ள விலக்குக் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி, தடுப்பூசி மையத்திலும் காட்டுங்கள். கடிதம் இருந்தாலும் தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலையச் சுகாதார அலுவலருக்கு உண்டு. எனவே திரும்பியதும் ஒரு வாரத்துக்குக் கல்யாணம், காதுகுத்து என்று எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நைரோபிவாசி

இந்த ஊர் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மலேரியா குறைவு. ஆனால் மொம்பாசா கடற்கரைக்கோ விக்டோரியா ஏரிப் பக்கமோ போவதாக இருந்தால் மலேரியாத் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். என் தாயார் வந்தபோது எங்களைப் படுத்தியது கொசு அல்ல, வயிற்றுப்போக்கு.

ஓய்வுபெற்ற செவிலியர்

அதைச் சொன்னது நல்லதாயிற்று. வயிற்றுப்போக்குக்கு கோட்ரைமாக்சசோல் மாத்திரையை (செப்ட்ரான் என்று கடையில் தருவது) அம்மாவுக்குக் கொடுக்கவே கூடாது. மெத்தோட்ரெக்சேட்டுடன் அது சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நீர்ச்சத்து வற்றினாலும் மெத்தோட்ரெக்சேட் உடலில் தேங்கும், ஆகவே குறைந்தது பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பெட்டியில் இருக்கட்டும். ஐயா, நீங்கள் மெட்ஃபார்மின் எடுப்பவரானால், வாந்தியும் பேதியும் இருக்கும் நாளில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். அங்கே வணிகப் பெயர்கள் மாறும் என்பதால் மருந்தின் மூலப்பெயரோடு சீட்டு எழுதி வாங்குங்கள்.

திருச்சிப் பயணி

மிக்க நன்றி. மருத்துவருடன் மீண்டும் பேசிய பிறகு, நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கை வலித்ததோடு சரி. மனைவிக்கு விலக்குக் கடிதம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: கடவுச்சீட்டில் என் தந்தை பெயர் முழுதாக இருக்க, தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையில் தலைப்பெழுத்து மட்டும் விழுந்திருக்கிறது. நானே பேனாவால் எழுதிவிடலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்

வேண்டவே வேண்டாம். அடித்தல் திருத்தல் இருந்தாலே அட்டை செல்லாது என்று சொல்லிவிட இடமுண்டு. கடவுச்சீட்டோடு அதே மையத்துக்குப் போய், கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதிப் புது அட்டை தருமாறு கேளுங்கள்.