அப்பாவின் அடக்க ஆராதனைக்கு பேக்பைப்: எந்தப் பாட்டு?

யீஷூன் மகள்:
அப்பா நேற்று விடியற்காலையில் தவறிவிட்டார். எங்கள் புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில்தான் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை மதியம் அங்கேயே அடக்க ஆராதனை, பிறகு மண்டாய் தகனச்சாலை. பிரிட்டிஷார் இருந்த காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அப்பா. பையில் காற்றை நிரப்பி ஊதும் ஸ்காட்லாந்து வாத்தியமான பேக்பைப்பை அங்கே கேட்டதைக் கடைசிவரை மறக்கவில்லை. "என்னை அனுப்பும்போது அதை ஊதச் சொல்லு" என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். அதை ஊதும் பைப்பர் ஒருவர் கிடைத்துவிட்டார். என்ன பாட்டு என்று கேட்கிறார். எனக்கு அமேசிங் கிரேஸ் ஒன்றுதான் தெரியும். அம்மாவுக்கு நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் இருக்கும் "என்னோடிரும் மா நேச கர்த்தரே" வேண்டும். தம்பி, எலிசபெத் மகாராணியின் இறுதிச் சடங்கில் வாசித்ததைக் கேட்கிறான். சபையாரும் சேர்ந்து பாடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பைப்பர்:
தங்கச்சி, கர்த்தர் உங்கள் குடும்பத்தை ஆறுதல்படுத்துவாராக. பள்ளி நாளில் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவ மாணவர் அணியில் கற்றுக்கொண்டு, பிறகு நிறைய அடக்கங்களுக்கு ஊதியவன் நான்.

பாட்டுக்கு முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள். பேக்பைப்பை மெதுவாக ஊத முடியாது. ஊதினால் முழுச் சத்தம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. வாய்ட் டெக்கின் தாழ்ந்த கூரைக்குக் கீழே ஊதினால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் காது வலிக்கும், குழந்தைகள் பயந்து அழும். அதனால் ஆராதனை நடக்கும்போது வேண்டாம். பெட்டியைத் தூக்கியதும் வெளியே புல்தரையில் நின்று தொடங்கட்டும். சவ வண்டிக்கு முன்னால் அவர் நடக்க, நீங்களெல்லாம் பின்னால் வாருங்கள். அப்பா கேட்டதும் அதைத்தானே, அனுப்பும்போது என்று.

அந்த நடைக்கு அமேசிங் கிரேஸ். எல்லோரும் கேட்ட பாட்டாயிற்றே என்று தயங்காதீர்கள். பேக்பைப்பில் மொத்தமே ஒன்பது சுரம். இந்த மெட்டுக்கு ஐந்து போதும், நம் மோகன ராகத்தின் அதே ஐந்து. ஒன்றுகூடக் கருவிக்கு வெளியே போகாது. ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் படையினர் 1972-இல் இசைத்தட்டாகக் கொண்டுவந்ததிலிருந்து பைப்பர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அம்மா கேட்கும் பாட்டில் ஒரு சிக்கல். இரண்டாம் வரி முடியும் இடத்தில் பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த 'ம' வருகிறது. எங்கள் குழலில் தாழ்ந்த 'ம'வான சுத்த மத்யமம்தான் உண்டு. பைப்பர் பக்கத்துச் சுரத்தை வைத்துச் சமாளிப்பார். மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், வாழ்நாளெல்லாம் அதைப் பாடிய அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பாட்டை ஆராதனைக்குள் சபையார் வாயாரப் பாடட்டும்.

தம்பி சொல்வது ஸ்லீப் டியரி ஸ்லீப். 2022 செப்டம்பர் 19 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் அதை வாசித்தவர், ஊதிக்கொண்டே நடந்து விலகிப் போனார். மண்டாயில் அதே போலச் செய்யுங்கள், ஆனால் மண்டபத்துக்கு வெளியே. வெயிலிலிருந்து ஏர்கானுக்குள் போனால் குழலுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீட்டின் சுருதி மாறிவிடும். மண்டபத்தில் உங்களுக்குக் கொடுக்கும் நேரமும் கொஞ்சம்தான்.

பைப்பர் தானாகவே ஃபிளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட் வாசிக்கிறேன் என்றால் சரி என்று சொல்லுங்கள். 1513-இல் ஃபிளாடன் போரில் மாண்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்கான ஒப்பாரி அது. இறுதிச் சடங்கு, நினைவு நாள் தவிர வேறெங்கும் அதைப் பொதுவில் வாசிப்பதில்லை என்பது பைப்பர்களின் மரபு. அதை அவர் தருகிறேன் என்றால், அது உங்கள் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை.

சபை கீபோர்டு:
ஆழ்ந்த அனுதாபங்கள் அக்கா. சேர்ந்து பாடுவது பற்றி மட்டும் சொல்கிறேன். பேக்பைப் சுருதி பெரும்பாலும் கீபோர்டின் பி ஃபிளாட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். எங்கள் சபையில் ஒரு முறை கீபோர்டை எவ்வளவு மாற்றியும் ஒட்டவில்லை, பாதியில் சபையாரும் நிறுத்திவிட்டார்கள். பைப்பர் தனியாக ஊதட்டும். அவர் முழுதாக நிறுத்திய பிறகு கீபோர்டு தன் சுருதியைக் கொடுக்கட்டும்.

யீஷூன் மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி தம்பி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், தன் பாட்டை எல்லோரும் பாடுவதுதான் சரி என்றார். போதகரிடமும் சொல்லியாயிற்று. மழை வந்தால் என்ன செய்வது அண்ணா? அவர் எத்தனை மணிக்கு வர வேண்டும்?

பழைய பைப்பர்:
அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். சுருதி சேர்க்கக் கால் மணி நேரமாவது ஆகும். விட்டு விட்டு ஊதும் அந்தச் சத்தம் உங்கள் காதில் விழ வேண்டாம், பலமாடி கார்பார்க் பக்கம் அனுப்பிவிடுங்கள். மழை வந்தால் கூரை போட்ட நடைபாதையோரமாக நடப்பார். வண்டி ஓட்டுநரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்: பைப்பர் முன்னால் நடப்பார், எந்த இடம்வரை, எங்கே ஒதுங்கி வழிவிடுவார் என்று. சொல்லாவிட்டால் ஓட்டுநர் வழக்கமான வேகத்தில் கிளம்பிவிடுவார்.