புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை வீடு கிரயம் ஆகிவிட்டது

கேரளத்தில் பாலக்காடு பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டை விற்றுவிட்டுப் பொள்ளாச்சிக்குக் குடிபோவதா, அங்கே வாங்கிவிட்டு இதை விற்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டுத்தான் விற்றோம். விற்பதற்கு 1 வருஷம் முன்பு வரை வாங்கிய வீட்டுக்கும் மூலதன ஆதாய வரியில் (விற்ற லாபத்துக்கான வரி) சலுகை உண்டு என்று ஆடிட்டர் சொன்ன பிறகுதான் நிம்மதி.

விலையில் வாங்குபவர் ஏறி வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்குப் பத்து ரூபாய் அவர் கையிலிருந்துதானே போகிறது!

பெரிய இழுபறி, ஆதாரம் (வீட்டுப் பத்திரம்) பேங்கில் அடமானத்தில் இருந்ததுதான். வாங்குபவருடைய பேங்க் எங்கள் கடன் பாக்கியை நேரடியாகக் கட்டியது. அப்புறம்தான் ஆதாரம் வெளியே வந்தது. அதுவரை இரண்டு வீட்டுச் செலவும் கழுத்தை நெரித்தது. இதே நிலையில் இருப்பவர்கள், பாக்கித் தொகைக்கான கடிதத்தைப் பேங்கில் முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

சாவி கொடுத்த அன்று அவர் அம்மாவுக்குக் கிணற்று மோட்டாரைக் காட்டினேன். "கீழ் வால்வை மூடிட்டுப் போடுங்கம்மா, இல்லேன்னா மேல் டேங்குக்குத் தண்ணி ஏறாது." "சரி கண்ணு, மாங்கா காய்க்கறப்ப வந்து பறிச்சுட்டுப் போ" என்றார். கண்டிப்பாகப் போவேன்.

கரண்ட் இணைப்புப் பெயர் மாற்றம் மட்டும் பாக்கி. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.