லிசா போலித் தரவில் ஒற்றை முகடு கிடைக்கவில்லை: பிழை எங்கே?

கேள்வி:
வணக்கம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2035-இல் ஏவத் திட்டமிட்டுள்ள லிசா என்னும் ஈர்ப்பலை உணரும் விண்வெளிக் கருவியின் ஓராண்டுத் தரவை, இரைச்சல் எதுவும் சேர்க்காமல், கணினியில் உருவாக்கிப் பார்க்கிறேன். நான் எடுத்துக்கொண்ட மூலம் இசட்டிஎஃப் ஜே1539+5027, அதாவது 414.8 நொடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் வெண்குறு விண்மீன் இணை. ஈர்ப்பலையின் அதிர்வெண் சுற்று அதிர்வெண்ணின் இருமடங்கு என்பதால் 4.82 மில்லிஹெர்ட்ஸில் ஒரே கூர்முகடு வரும் என எதிர்பார்த்தேன். ஆனால் தரவை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றத்தில் ஆற்றல் ஏறத்தாழ 20 கட்டங்களில் (அடுத்தடுத்த சிறு அதிர்வெண் இடைவெளிகளில்) சிதறிக் கிடக்கிறது. சுற்றுக்காலம் குறைந்துவருவதையும் கணக்கில் சேர்த்துள்ளேன். சிதறலுக்கு அதுதான் காரணமா?

பதில் 1:
அது காரணமன்று. இந்த இணையின் சுற்றுக்காலம் நொடிக்குச் சுமார் 2.4×10⁻¹¹ நொடி குறைகிறது. அதனால் அலையின் அதிர்வெண் ஓராண்டில் ஏறுவது 9 நானோஹெர்ட்ஸ் அளவே. ஓராண்டுத் தரவில் ஒரு கட்டத்தின் அகலமோ 32 நானோஹெர்ட்ஸ். நான்காண்டுத் தரவாக இருந்தால் இந்த ஏற்றம் நான்கைந்து கட்டங்களைக் கடந்து தெளிவாகவே புலப்படும்.

டாப்ளர் விளைவை, அதாவது கருவியின் இயக்கத்தால் அதிர்வெண் மாறித் தெரிவதைப் பாருங்கள். கருவி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. உங்கள் மூலம் சூரியவீதியிலிருந்து (பூமி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து) ஏறத்தாழ 66 பாகை விலகியிருப்பதால் அந்த வேகத்தில் நாற்பது விழுக்காடே அத்திசையில் விழுகிறது. ஆயினும் அதிர்வெண் இருபுறமும் சுமார் 195 நானோஹெர்ட்ஸ், அதாவது ஆறு கட்டங்கள், நகர்ந்துவிடும். அந்தத் திசைக்கு உரியவாறு காலக்குறிகளைச் சூரியக் குடும்பத்தின் பொருண்மை மையத்துக்கு மாற்றிவிட்டு, சீரான இடைவெளியில் மறுமாதிரி எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மாற்றியதும் முகடு நன்றாகக் குறுகிவிட்டது. எனினும் இருபுறமும் நான்கு கட்டங்கள் வரை சிறு முகடுகள் எஞ்சியுள்ளன.

பதில் 2:
அவற்றை நீக்க முயலாதீர்கள். அவையும் உண்மையான குறிகையே. லிசாவின் மூன்று விண்கலங்கள் அமைக்கும், 25 லட்சம் கிலோமீட்டர் பக்கம் கொண்ட முக்கோணம், சூரியவீதித் தளத்துக்கு 60 பாகை சாய்ந்தபடி ஆண்டுக்கு ஒருமுறை உருள்கிறது. ஒரே மூலத்தை அது ஒவ்வொரு மாதமும் வேறு கோணத்தில் உணர்வதால் வீச்சு ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கந்தான் பக்க முகடுகளாகத் தெரிகிறது. இந்த இரு விளைவுகளும் இல்லாவிடில், ஒரே இடத்தில் நின்று கேட்கும் கருவியால் இணை வானில் எங்கிருக்கிறது என்று சொல்லவே முடியாது. சோதிக்க விரும்பினால், திருத்தத்தில் மூலத்தின் திசையை மட்டும் சூரியவீதியை நோக்கி 10 பாகை நகர்த்தி வையுங்கள்.

கேட்டவர்:
நகர்த்திப் பார்த்தேன். நடு முகட்டின் ஆற்றல் பெரும்பாலும் பக்கங்களுக்குப் போய்விட்டது. சரியான திசையைக் கொடுத்ததும் திரும்பி வந்தது.