உயரக் கோபுரங்களின் வடிவம் அழகுக்கா, காற்றுக்கா?

நிலைமாடம்:
புர்ஜ் கலீஃபா, தைபே 101, ஷாங்காய் டவர் மூன்றையும் நிழலுருவை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் ஒன்று பூ, இன்னொன்று மூங்கில் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வடிவத்துக்குக் கட்டமைப்பில் என்ன வேலை? சதுரத் தளத்தையே மாற்றமில்லாமல் 60 மாடிக்கு ஏற்றினால் என்ன கெடும்? மாஸிங் (கட்டடத்தின் மொத்த உருவ அமைப்பு) முடிவு செய்யும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கோர்வால்:
காற்றைத்தான். முன்னாலிருந்து தள்ளுவதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. ஒல்லியான கோபுரத்தில் பெரும்பாலும் அதைவிட மோசம் பக்கவாட்டு ஆட்டம். காற்று கட்டடத்தின் இருபுறமும் பிரிந்து போகும்போது பின்பக்கம் இடமும் வலமுமாகச் சுழிகள் மாறி மாறிக் கழன்று போகும். ஒவ்வொன்றும் கட்டடத்தைத் தன் பக்கம் இழுக்கும். அந்தத் தாளமும் கட்டடத்தின் இயல்பான ஆட்டத் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஒத்ததிர்வு, அதாவது ஆட்டம் பெருகிக்கொண்டே போகும்.

எந்த வேகத்தில் அது நடக்கும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்: கட்டடத்தின் அதிர்வெண்ணை (வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதை) அகலத்தால் பெருக்கி, ஸ்ட்ரூஹல் எண்ணால் (சுழி கழலும் தாளத்தை வடிவத்தோடு இணைக்கும் எண்) வகுக்க வேண்டும். சதுரத்துக்கு அந்த எண் சுமார் 0.1. 30 மீட்டர் அகலமுள்ள கோபுரம் ஒருமுறை ஆடித் திரும்ப 7.5 வினாடி எடுத்தால், விடை வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. புயல் வரும் ஊரில் உச்சி மாடிக்கு அது அரிய வேகமே அல்ல.

புர்ஜ் கலீஃபாவில் (828 மீட்டர், 2010) எஸ்ஓஎம் நிறுவனத்தின் பொறியாளர் பில் பேக்கர் குழு செய்தது, சுழிகளை ஒன்றுசேர விடாமல் கலைத்தது. ஒய் வடிவத் தளத்தின் மூன்று சிறகுகளும் ஒரே மட்டத்தில் ஒடுங்குவதில்லை. ஒன்றை அடுத்து ஒன்றாகச் சுற்றி ஏறுகின்றன. அதனால் மட்டத்துக்கு மட்டம் அகலம் மாறுகிறது, சுழியின் தாளமும் மாறுகிறது. கீழே ஒரு தாளம், மேலே வேறொன்று என்றால் கோபுரம் முழுவதையும் சேர்த்து ஆட்ட முடியாது. காற்றுச் சுரங்கச் சோதனைக்கு (சிறு மாதிரியின் மீது காற்றைச் செலுத்திப் பார்ப்பது) பிறகு அந்த ஒடுக்கங்களின் அமைப்பையே மாற்றியிருக்கிறார்கள்.

ஒய் வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடுவிலுள்ள அறுகோணக் கோர் (நடுத்தண்டான கான்கிரீட் சுவர்க்கூடு) முறுக்கத்தைத் தாங்கும். மூன்று சிறகுகளும் அதற்கு முட்டுக் கொடுக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒடுங்கும் இடங்களைக் கையாண்ட விதம்: மேலேயுள்ள தூண் கீழேயுள்ள சுவரின் நேர்மேலே வந்து உட்காருகிறது. வழக்கமாக அந்த இடத்தில் தேவைப்படும் கனத்த டிரான்ஸ்ஃபர் பீம்கள் (மேல்தூணின் சுமையைப் பக்கத்துக்குக் கடத்தும் உத்திரங்கள்) தேவையில்லாமல் போயின.

மூலைவெட்டு:
கோர்வால் சொன்னதோடு ஒன்று. சதுரத்தை விட முடியாத மனையில் முதலில் மூலையில் கைவையுங்கள். கூர்மூலைதான் சுழிகளுக்குப் பிறப்பிடம். ஒவ்வொரு மூலையிலும் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டியோ படிபோல உள்ளே தள்ளியோ விட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். தைபே 101-இன் மூலைகளில் இருக்கும் இரட்டைப் படிவெட்டு அப்படி வந்ததுதான். அடித்தளத்துக்கு வரும் காற்றுத் திருப்புத்திறன் (கோபுரத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் விளைவு) சுமார் 25% குறைந்தது. ஷாங்காய் டவரில் (632 மீட்டர்) மூலையை உருட்டி, உயரம் ஏற ஏற ஒடுக்கி, மொத்தம் 120 பாகை திருகியதில் காற்றுச் சுமை 24% குறைந்தது.

கஷ்டம் எங்கே வரும் என்றால், அதிக வாடகை கிடைப்பது மூலை அறைக்குத்தான். வெட்டச் சொன்னால் பில்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். குறையும் ஸ்டீலின் விலையைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால்தான் பேச்சு நகரும்.

நிலைமாடம்:
நன்றி சார். தைபே 101-இல் ஒரு பெரிய குண்டு தொங்குகிறதே, அதுபோல டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் கருவி) வைத்துவிட்டால் எந்த வடிவமும் நிற்காதா?

ஊசல்:
நிற்காது. டேம்பர் குறைப்பது ஆட்டத்தை மட்டும். காற்றின் நிலையான தள்ளலை அது தொடவே தொடாது. தைபே குண்டு 660 டன், 5.5 மீட்டர் விட்டம், 12.5 செ.மீ. தடிமனுள்ள 41 ஸ்டீல் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்தது. 92-ஆம் மாடியிலிருந்து தொங்குகிறது. 2015 ஆகஸ்டில் சௌடெலார் புயலின்போது ஒரு மீட்டர் வரை நகர்ந்தது.

இடத்தையும் கணக்கில் எடுங்கள். கோபுரத்தின் ஆட்டம் 7 வினாடி என்றால் அதற்கு இசையும் ஊசலின் நீளம் சுமார் 12 மீட்டர். உச்சியில், நல்ல விலைக்குப் போகும் மூன்று நான்கு மாடி உயரம் அதற்கே போய்விடும். கட்டி முடித்ததும் உண்மையான ஆட்டக் காலத்தை அளந்து மறுபடி இசைக்கவும் வழி வைக்க வேண்டும். கணக்கில் வந்த எண்ணும் நிஜமும் அச்சாக ஒத்துப்போவதில்லை.

வீடுகள் என்றால் இன்னும் கவனம். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் காற்றில் உச்சி மாடியின் முடுக்கம் ஏறத்தாழ 15 மில்லி-ஜிக்குள் (புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்க வேண்டும். அலுவலகத்தில் 25 வரை பொறுக்கலாம், புயலன்று ஆள் வீட்டுக்குப் போய்விடுவார்.

கண்ணாடிமுகம்:
காற்றோடு வெயிலையும் சேருங்கள். லண்டனில் 20 ஃபென்சர்ச் தெரு கட்டடத்தின் தெற்கு முகப்பு உட்குழிந்த கண்ணாடி. 2013 கோடையில், கட்டி முடியும் முன்பே, வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. பிறகு வெளியே தடுப்புப் பட்டைகள் மாட்ட வேண்டியதாயிற்று. குழிவான முகப்பு என்றால் வருடம் முழுவதற்கும் சூரியப் பாதையை ஓட்டி, பிரதிபலிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இது சில மணி நேர கம்ப்யூட்டர் வேலை. அதை அவர்கள் தவறவிட்டது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

கோர்வால்:
நிலைமாடம், முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு: மாஸிங் கட்டத்திலேயே இரண்டு மூன்று மாற்று வடிவங்களை 1:400 அல்லது 1:500 மாதிரியாகச் செய்து காற்றுச் சுரங்கத்துக்கு அனுப்புங்கள். சுற்றிலும் அரை கிலோமீட்டருக்குள் உள்ள கட்டடங்களும் அதே அளவில் மேடையில் இருக்க வேண்டும். 10 பாகைக்கு ஒன்றாக 36 திசை. அக்கம்பக்கக் கட்டடம் நாளை இடிபடக்கூடியது என்றால் அது இல்லாமலும் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். இன்று மறைப்பாக இருப்பது போனபின் சுமை ஏறலாம். அறிக்கை வந்ததும் காற்றுத் திசைச் சுமைக்கு முன்னால் குறுக்குத் திசைச் சுமையைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் மூலையையோ ஒடுக்கத்தையோ மாற்றி மறுபடி அனுப்புங்கள்.