ஏவாள் பழம் தின்னதுக்கு என் ஏடிஎம் கார்டைக் கேக்குறாங்க

வாலாஜா_தையல்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒண்ணுல பதினோரு வருஷமா ஷூவோட மேல்பாகம் தைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை எங்க தெருவுல வீட்டு ஜெபக்கூட்டம். வெளியூர் ஊழியக்காரர் ஒருத்தர், பைபிள்ல பழம் தின்ன ஏவாளுக்கு அவ புருஷனைப் பத்தி கர்த்தர் சொன்ன ஆதியாகமம் 3:16 எடுத்தாரு: "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்." ஏவாள் ஏமாந்ததால பொம்பளை புத்தி தடுமாறும், சம்பாத்தியம் புருஷன் கையிலதான் இருக்கணும்னு முடிச்சாரு. சுண்டல் தின்னு முடிக்கல, எங்க வீட்டுக்காரர் காதோரமா "கார்டைக் குடுத்துடு"ன்னாரு. நல்ல மனுஷன், குடிக்க மாட்டாரு, காட்பாடி ஸ்டேஷன்ல ஆட்டோ ஓட்டுறாரு. அதான் இன்னும் வலிக்குது. குடுக்கல.

பிறக்கும்போதே வர்ற ஜென்ம பாவம் எல்லாருக்கும்னா தண்டனை மட்டும் எனக்கா? புருஷனோட இந்தத் தலைமை பாவத்துக்கு முன்னாடியே இருந்துச்சா, பின்னாடி வந்துச்சா? வசனத்தோட சொல்லுங்க, சமாதானம் பண்ணாதீங்க.

காட்பாடி_வாத்தியார்:
மகளே, தலைமை பாவத்தால வந்ததில்ல. 1 தீமோத்தேயு 2:13 பாரு, முதலாவது ஆதாம், பின்பு ஏவாள். சிருஷ்டிப்பிலேயே வரிசை இருக்கு. ஆனா எபேசியர் 5:25ல புருஷனுக்குச் சொன்னது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தது போல அன்புகூரணும்னு. கார்டைப் பிடுங்கச் சொல்லல.

ஆரணி_பெரியம்மா:
முதல்ல வந்தவன் தலைன்னா, ஆதியாகமம் முதல் அதிகாரத்துல மாடு நமக்கு முன்னாடி வந்துச்சு வாத்தியாரே! 2:18ல ஏவாளை "ஏற்ற துணை"ங்கறதுக்கு மூல மொழி எபிரெயத்துல ஏசெர். சங்கீதம் 121ல "கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்"னு பாடுறோமே, அங்கயும் அதே வார்த்தைதான். கர்த்தர் இன்னா, நமக்குக் கீழ் வேலையா பாக்குறாரு?

3:16 கட்டளை இல்லம்மா, பாவத்துல விழுந்ததோட விளைவு. அடுத்தாப்லயே நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும்னு வருது. அதைக் கட்டளைன்னு நெனச்சு வேர்க்கடலைக் கொல்லையில களை எடுக்காம விட்ட ஆம்பளையை நான் பாத்ததில்ல. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதை தெரியுமில்ல? திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்தாங்க, ஆம்பளை டாக்டர் வேணாம்னு புருஷமாருங்க சொன்னதால. அந்த ராத்திரிதான் அவங்களை டாக்டருக்குப் படிக்க வச்சுது. 1918ல வேலூர்ல பொண்ணுங்களுக்குன்னே மருத்துவப் பள்ளி தொடங்குனாங்க.

செமினரி_தம்பி:
அக்கா, ரோமர் 5:12ல "ஒரே மனுஷனாலே" பாவம் வந்துச்சுன்னு பவுல் சொல்றாரு. அங்க பேசுறது ஆதாமைப் பத்தி, ஏவாள் பேரே இல்ல. ஜென்ம பாவத்தைப் பத்தி எழுதின பழைய காலத்து சபை ஆசிரியர் அகஸ்டின் படிச்ச லத்தீன் பைபிள்ல "அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்"ங்கற மாதிரி இருந்துச்சு. நம்ம தமிழ்ல "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்"னுதான் இருக்கு. கிழக்கத்திய (ஆர்த்தடாக்ஸ்) சபைகள் சாவு ஆதாமால வந்துச்சுன்னு ஒத்துப்பாங்க, ஆதாமோட குற்றமே நமக்கும் பிறப்புல ஒட்டிக்குதுன்னா ஒத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. 3:6 எபிரெயத்துல, "தன்னோடிருந்த" புருஷனுக்குக் குடுத்தாள்னு இருக்கு. நம்ம பழைய மொழிபெயர்ப்புல அந்த வார்த்தை இல்ல.

வாலாஜா_தையல்:
ஆதாம் பக்கத்துலயே நின்னாரா! நேத்து ராத்திரி தோசை சுட்டுக்கிட்டே எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "வாயே தொறக்காம நின்னுட்டு, கடைசியில கர்த்தர்கிட்ட 'தேவரீர் தந்த ஸ்திரீ'ன்னு கை காட்டிட்டானா?"ன்னாரு. நான் சொல்லல, அவரே சொன்னது. ஆட்டோ டியூ என் கார்டுலதான் போகுது, காலையில ரெண்டு பேரும் போய் எடுத்தோம். பின் நம்பர் இன்னும் கேக்கல.

வாத்தியாரய்யா, மாட்டுக்குப் பதில் வரல.